சிவப்பு மை இலவசமில்லை

வேதியியலை அரிச்சுவடியிலிருந்து கற்க நினைப்பவருக்கு இன்று புத்தகச் செலவு என்று ஒன்று கிடையாது. கைப்பேசியும் டேட்டாவும் இருந்தால் போதும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2015இல் ஒரு பொது வேதியியல் பாடநூலை வெளியிட்டது. 2019இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. 21 அத்தியாயங்கள், ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நூல், காசு கேட்காமல் இறங்குகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டெல்மர் லார்சன் 2008இல் தொடங்கிய கெம்விக்கி, இன்று லிப்ரெடெக்ஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு நூலகமாகவே வளர்ந்து நிற்கிறது. எம்.ஐ.டி.யில் முதலாண்டு மாணவர்களுக்கு கேத்தரின் டிரென்னன் நடத்திய வேதியியல் வகுப்புகளை விரிவுரை, பயிற்சித்தாள், தேர்வுத்தாள், விடை எல்லாவற்றோடும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கான் அகாடமி இருக்கிறது. நம் பக்கம் வந்தால், தமிழ்நாட்டு அரசின் மேல்நிலை வகுப்பு நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன, என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் பிடிஎஃப்பாகவே உண்டு. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். விரிவுரைகளும் உண்டு.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக உட்கார்ந்து வேதியியல் கற்றுவிட முடியுமா? முடியும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ ஏற்கெனவே கற்றவர்கள். முடியாது என்று சொல்பவர்களில் பலர் ட்யூஷன் நடத்துபவர்கள். இரண்டு தரப்பையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

இலவசம் என்றால் மட்டம் என்ற சந்தேகம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதை முதலில் தீர்த்துவிடலாம். கட்டணப் பாடநூலை விட்டுத் திறந்தநிலைப் பாடநூலுக்கு மாறிய கல்லூரி வகுப்புகளைப் பற்றி அமெரிக்காவில் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றை ஜான் ஹில்டன் 2016இல் தொகுத்துப் பார்த்தார். மாணவர்களின் கற்றல் பொதுவாகக் குறையவில்லை என்பதே அவர் கண்டது. அங்கே ஒரு பொது வேதியியல் நூலுக்கு நூறு டாலருக்கு மேல், சமயத்தில் இருநூறு டாலர்கூடக் கொடுக்க வேண்டியிருந்த நிலையில் இது சின்ன விஷயமில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலை நான் அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக் கணக்குகள் நிதானமாகப் போகின்றன, படங்கள் தெளிவு, பிழைகள் சொன்னால் திருத்துகிறார்கள். விலை போட்டு விற்கும் நூல்களுக்குச் சற்றும் சளைத்ததில்லை.

ஆனால் அந்த ஆய்வுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மாறியது நூல் மட்டும்தான். வகுப்பில் ஆசிரியர் அப்படியே இருந்தார். வாரா வாரம் வீட்டுப்பாடம் இருந்தது, ஆய்வகம் இருந்தது, மாதத் தேர்வும் மதிப்பெண்ணும் இருந்தன. நூலுக்குப் பதில் நூலை வைத்ததில் நஷ்டமில்லை என்றுதான் அவை நிறுவின. ஆசிரியர், ஆய்வகம், தேர்வு மூன்றையும் எடுத்துவிட்டு வெறும் நூலையும் காணொளியையும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் பதிலில்லை. நம் ஊரில் இலவச வளங்களை நாடி வருபவர்களில் கணிசமானோர் இப்படித் தனித்து விடப்பட்டவர்கள்தான். வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியின் மாணவி, கலைப்பிரிவில் படித்துவிட்டு முப்பது வயதில் அறிவியல் பக்கம் திரும்பும் ஊழியர், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தானும் படிக்கும் அம்மா. இவர்களை வைத்துத்தான் இந்த முறையை எடைபோட வேண்டும்.

முதலில் நிறைகள். அவற்றில் ஒன்று, எந்த ஆசிரியராலும் கரும்பலகையில் செய்யவே முடியாதது.

வேதியியலின் தொல்லை அது மூன்று தளங்களில் ஒரே நேரத்தில் நடப்பது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் இதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார்: கண்ணுக்குத் தெரியும் பொருள், கண்ணுக்குத் தெரியாத அணுவும் மூலக்கூறும், தாளில் எழுதும் குறியீடு. குடுவையில் குமிழி வருவதைப் பார்க்கிறோம்; மூலக்கூறுகள் மோதுவதைக் கற்பனை செய்கிறோம்; சமன்பாடு எழுதுகிறோம். தேர்ந்தவருக்கு மூன்றும் ஒன்று. புதியவருக்கு மூன்றும் மூன்று பாடம். பள்ளியில் நடப்பது பெரும்பாலும் மூன்றாவது தளம் மட்டுமே. 1987இல் சூசன் நரன்பெர்ன், மைல்ஸ் பிக்கரிங் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரே கருத்தை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். வாயு விதிக் கணக்கைச் சூத்திரத்தில் போட்டுச் சரியாக விடை எழுதியவர்களில் பலர், அதே வாயுவின் மூலக்கூறுகள் கலனுக்குள் எப்படிப் பரவியிருக்கும் என்று படத்தில் காட்டச் சொன்னதும் தடுமாறினார்கள். கணக்கு வந்தது, வேதியியல் வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஃபெட் உருவகப்படுத்தல்கள் அருமையானவை. இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இந்தத் திட்டம். பருப்பொருளின் நிலைகளைக் காட்டும் உருவகப்படுத்தலைத் திறந்து தண்ணீரைத் தேர்ந்தெடுத்துக் குளிரவைத்துப் பாருங்கள். மூலக்கூறுகள் ஆட்டம் குறைந்து, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்காக நிற்கின்றன. பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்ற கேள்விக்கான விடையைக் கண்ணே சொல்லிவிடுகிறது. சூடேற்றினால் அடுக்கு குலைகிறது, நெருங்குகிறது, பிறகு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. மாணவி தானே வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கிறாள். திரும்பத் திரும்பச் செய்கிறாள். யாரும் நேரமாகிவிட்டது என்று சொல்வதில்லை. தமிழிலும் பல உருவகப்படுத்தல்களை இயக்கலாம் என்பது கூடுதல் வசதி. இலவச வளங்களில் எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பேன்.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் தனிமங்கள் பற்றிய காணொளி வரிசையும் இந்த வகைதான். பஞ்சு முடியோடு மார்ட்டின் போலியாகோஃப் பேசுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சீசியத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்ட எந்தப் பள்ளியாலும் முடியாது. பார்த்து ரசிக்கலாம். அதைப் பாடம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவே.

இனி குறைகள். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். குறைகள் ஒரே தரத்தவை இல்லை.

காணொளியில் நல்ல ஆசிரியர் பேசும்போது எல்லாம் புரிகிறது. பிரச்சினையே அந்தப் புரிதல்தான். சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் மல்லர் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைத் தொட்டது. பின்னாளில் வெரிடேசியம் அலைவரிசையை நடத்திப் புகழ்பெற்றவர் இவரே. இயற்பியல் பாடத்தைத் தெளிவாக, சுருக்கமாக விளக்கும் காணொளியை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். தெளிவாக இருந்தது, எளிதாக இருந்தது என்றார்கள். தேர்வு வைத்தால் முன்பிருந்த நிலையிலிருந்து பெரிதாக நகரவில்லை. மாணவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணத்தை முதலில் வாய்விட்டுச் சொல்லி, அதோடு மல்லுக்கட்டும் காணொளியை இன்னொரு குழுவுக்குக் காட்டினார். குழப்பமாக இருக்கிறது என்றார்கள். மதிப்பெண் ஏறியது. 2019இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வொன்றும் இதற்குத் துணை நிற்கிறது: மாணவர்களே முட்டிமோதிக் கணக்குப் போட்ட வகுப்பில் அதிகம் கற்றார்கள், ஆனால் சொற்பொழிவு கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள்.

வேதியியலில் இதற்கு ஓர் உதாரணம். எரிபொருளின் பிணைப்புகளுக்குள் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது, பிணைப்பு உடைந்தால் அது வெளிவருகிறது என்று ஏராளமானோர் நம்புகிறார்கள். உயிரியல் வகுப்பிலும் இப்படியே காதில் விழுகிறது. உண்மை தலைகீழ். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிவரும். மீத்தேன் எரிவதைப் பாருங்கள். ஒரு மோல் மீத்தேனில் நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒவ்வொன்றும் சுமார் 413 கிலோஜூல். இரண்டு மோல் ஆக்சிஜனில் இரண்டு பிணைப்புகள், ஒவ்வொன்றும் 498. மொத்தம் உடைக்கச் செலவு 2,648. கார்பன் டைஆக்சைடின் இரண்டு பிணைப்புகள் 799 வீதமும், இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளின் நான்கு பிணைப்புகள் 463 வீதமும் உருவாகும்போது வரவு 3,450. மிச்சம் 802 கிலோஜூல்தான் அடுப்பில் நாம் காணும் சூடு. இந்தக் கணக்கைக் காணொளியில் பார்ப்பவர் தலையாட்டுவார். பழைய நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டே தலையாட்டுவார். பேனா எடுத்து, ‘உடைந்தால் ஆற்றல் வரும்’ என்று எழுதி, கூட்டிக் கழித்து, குறி தப்பாக வந்து நிற்கும்போதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும்.

அடுத்த குறை சில்லறைத்தனமாகத் தெரியும், அனுபவிப்பவருக்கு அப்படியில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பத்து இடத்தில் படிப்பவர் பத்து மரபுகளில் மாட்டிக்கொள்கிறார். திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு என்ன? 22.4 லிட்டர் என்று ஒரு காணொளி சொல்கிறது. என்.சி.இ.ஆர்.டி. நூல் 22.7 என்கிறது. இரண்டும் சரி. முன்னது ஒரு வளிமண்டல அழுத்தத்தில், பின்னது ஒரு பார் அழுத்தத்தில். உலக வேதியியலாளர் ஒன்றியமான ஐயுபிஏசி 1982இலேயே பாருக்கு மாறிவிட்டது. அமெரிக்கப் பள்ளிப் பழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை. மோலின் வரையறையும் அப்படியே. 2019 மே 20 முதல் மோல் என்பது 6.02214076×10²³ துகள்கள் என்று துல்லியமாக நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் எடுத்த காணொளிகள் எல்லாம் 12 கிராம் கார்பன்–12ஐத்தான் சொல்லும். எடுத்தவர் திரும்பி வந்து திருத்துவதில்லை. 113, 115, 117, 118ஆம் தனிமங்களுக்கு 2016 இறுதியில் பெயர் சூட்டியாயிற்று. பழைய அட்டவணைகளில் தற்காலிகக் குறியீடுகளே நிற்கின்றன. வெப்ப இயக்கவியலில் வேலைக்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது இயற்பியல் நூலுக்கும் வேதியியல் நூலுக்கும் மாறும். வகுப்பில் ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைக்கும் விஷயங்கள் இவை. தனியாகப் படிப்பவர் ஒரு மாலைப்பொழுதை இழப்பார். தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று முடிவுகட்டினால் பாடத்தையே இழப்பார்.

‘இலவசம்’ என்ற பெயரில் இரண்டு சாதிகள் இருப்பதையும் சொல்ல வேண்டும். திறந்த உரிமத்தில் வருவது ஒன்று. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பெயர்க்கலாம், மாற்றலாம். நுழைவுத்தேர்வுப் பயிற்சிக் கடைகள் முதல் நான்கு பாடங்களை மட்டும் தூண்டிலில் கோர்த்துப் போடுவது இன்னொன்று. பின்னதில் மோல் கருத்து வராது, முப்பது நொடியில் விடை கண்டுபிடிக்கும் ‘ட்ரிக்’ வரும். ஐந்தாம் பாடத்துக்கு விற்பனைப் பிரதிநிதி போன் செய்வார். நல்லவற்றிலும் பூட்டு இல்லாமல் இல்லை. எம்.ஐ.டி. வகுப்பு இலவசம்தான், அங்கே பாடநூலாக வைத்திருக்கும் அட்கின்ஸ்–ஜோன்ஸ் நூல் விலைக்கு. என்.பி.டெல். விரிவுரை இலவசம், சான்றிதழ் தேர்வுக்குக் கட்டணம் உண்டு.

இப்போது முக்கியமான குறைக்கு வருகிறேன். மற்றவற்றை எல்லாம் எப்படியாவது சமாளிக்கலாம். இதைச் சமாளிக்க வழி இன்னும் வரவில்லை.

ஒரு சாதாரணக் கணக்கு. 2.43 கிராம் மக்னீசியத்தை, 1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டரில் போடுகிறோம். 25 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் வரும்? மக்னீசியம் 0.1 மோல். அமிலமும் 0.1 மோல். ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு அமிலம் வேண்டும் என்பதால் அமிலம் முதலில் தீர்ந்துவிடும்; அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. பிள்ளைகள் சொல்வது லிமிட்டிங் ரீஏஜென்ட். ஹைட்ரஜன் 0.05 மோல், அதாவது ஏறக்குறைய 1.22 லிட்டர்.

மூன்று மாணவர்கள் 2.45 லிட்டர் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் அமிலத்தைப் பார்க்கவேயில்லை, மக்னீசியம் 0.1, அதனால் ஹைட்ரஜன் 0.1 என்று போய்விட்டார். இரண்டாமவர் இரண்டையும் பார்த்தார், 0.1, 0.1, சமமாக இருக்கிறது, இரண்டும் ஒன்றாகத் தீரும் என்று நினைத்தார். சமன்பாட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு முன்னால் நிற்கும் 2 அவருக்கு வெறும் அலங்காரம். மூன்றாமவர் அமிலம்தான் முதலில் தீரும் என்று சரியாகக் கண்டுபிடித்தார். ஆனால் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனுக்குப் போகும்போது பாதியாக்க மறந்தார். முதலாமவருக்குக் கேள்வியை முழுதாகப் படிக்கப் பழக்க வேண்டும். இரண்டாமவருக்குச் சமன்பாடு என்றால் என்ன என்பதையே மறுபடி தொடங்க வேண்டும். மூன்றாமவர் பாடத்தை அறிந்தவர், அவசரம் மட்டும்தான். விடை மட்டும் ஒன்று.

கணினிப் பயிற்சி இந்த மூவருக்கும் ஒரே சிவப்புக் கட்டத்தைக் காட்டும். குறிப்பு வேண்டுமா என்று கேட்கும். கேட்டால் சரியான வழியைப் படிப்படியாக விரிக்கும். மூவரும் அதைப் பார்த்து, ஓ, இப்படியா என்று அடுத்த கணக்குக்குப் போவார்கள். எங்கே வழி தவறினோம் என்பது மூவருக்கும் தெரியாது. நூலும் கைகொடுக்காது: ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலின் கடைசிப் பகுதியில் தேர்ந்தெடுத்த சில கணக்குகளுக்கே விடை இருக்கிறது, முழு விடைத்தொகுப்பு ஆசிரியர்களுக்கு மட்டும். வகுப்பறைக்கு அது நல்ல ஏற்பாடு. மாணவர்கள் பார்த்து எழுதிவிடக் கூடாதே. ஆசிரியரே இல்லாதவருக்கு அந்தக் கதவு சாத்தித்தான் கிடக்கிறது.

நோட்டைப் பார்த்த ஆசிரியருக்கு இதெல்லாம் அரை நிமிட வேலை. மூன்றாம் வரியைச் சுழித்து, ‘இந்த 2 எங்கே போச்சு?’ என்று ஓரத்தில் எழுதுவார். அந்தச் சிவப்பு மைக்கு ஈடான ஒன்றை இலவச வளங்கள் இன்னும் தரவில்லை. செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் என்கிறார்கள். முழு வழிமுறையையும் வரிவரியாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் சமயங்களில் பிழையைச் சரியாகவே காட்டுகின்றன. சமயங்களில் தப்பான ஒன்றைத் தயக்கமே இல்லாமல் சொல்கின்றன. எது எந்தச் சமயம் என்று கண்டுபிடிக்கத் தேவையான அறிவைத்தான் மாணவர் இன்னும் பெறவில்லை. அதோடு, பெரும்பாலானவர்கள் தங்கள் வழிமுறையைக் கொடுப்பதில்லை. கேள்வியைக் கொடுத்து விடையை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆய்வகம் இல்லாத குறை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதைப் பற்றி வழக்கமாகச் சொல்வது, செய்முறைத் திறன் வராது என்பதோடு நின்றுவிடுகிறது. இழப்பு அதைவிட ஆழமானது. சூடான ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கூம்புக்குடுவையைக் கைபொறுக்கும் அளவைத் தாண்டி 60, 70 டிகிரிக்குச் சூடேற்றி, பியூரெட்டைத் திறக்கிறோம். முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். ஆட்டினாலும் போகாது. சார், முடிஞ்சிருச்சு என்று யாராவது கத்துவார்கள். காத்திருந்தால் மெல்ல மறையும். அடுத்த சொட்டு அதைவிடச் சீக்கிரம் மறையும். நாலாவது, ஐந்தாவது சொட்டுக்குப் பிறகு விழுந்த மாத்திரத்தில் மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகி அதை விரட்டுவதால் வரும் வேகம் இது. தன்வினையூக்கம் என்ற பாடத்தைக் கண்முன்னே நடத்திக்காட்டும் அரை நிமிடம். காணொளியில் இந்த அரை நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். சும்மா ஒரு குடுவையை முறைத்துக்கொண்டிருப்பதை யார் பார்ப்பார்கள்? மெய்நிகர் ஆய்வகத்தில் சொடுக்கினால் சொட்டு விழுகிறது, உரிய இடத்தில் நிறம் மாறுகிறது. பெர்மாங்கனேட் கரிய நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும், நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு தப்பும், அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலம் சிதையும் என்பவை அங்கே எழுவதேயில்லை. அங்கே தப்பு செய்ய முடியாது. முடியாததால் கற்கவும் முடியாது.

வீட்டில் செய்யலாமே என்பார்கள். கொஞ்சம் செய்யலாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பது காரத்தால்தான். எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் திரும்பும். செம்பருத்திச் சாற்றிலும் அமிலம், காரம் பார்க்கலாம். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கழிப்பறை அமிலத்தோடு பிளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு வரும் என்பது சமன்பாடாகப் படித்தவருக்கும் மூக்கருகே நினைவுக்கு வராது.

மொழியைப் பற்றி ஒரு சொல். மேலே சொன்னவற்றில் மிகச் சிறந்தவை ஆங்கிலத்தில்தான் முழுமையாக இருக்கின்றன. தமிழ்வழி மாணவருக்கு அரசுப் பாடநூல்தான் கதி. அது மோசமான நூல் இல்லை, ஆனால் பொருளடர்த்தி மிகுந்தது, துணை இல்லாமல் நுழைபவரை மிரட்டுவது. தமிழில் வேதியியல் எழுதுவது புதிய துணிச்சலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியில் 1875இலேயே ‘கெமிஸ்தம்’ வந்துவிட்டது. திறந்த உரிம நூல்களைப் பெயர்க்க யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, உரிமமே அனுமதி. செய்ய ஆள்தான் வேண்டும்.

இலவசப் படிப்பைத் தொடங்குபவர்களில் முடிப்பவர்கள் மிகக் குறைவு என்பதும் பலமுறை சொல்லப்பட்ட குறை. எம்.ஐ.டி., ஹார்வர்டு இரண்டும் இணையத்தில் நடத்திய திறந்த படிப்புகளில் 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் என்று ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரஸ்-வாலியெண்டேயும் 2019இல் எழுதினார்கள். சோம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. வேதியியலில் மோல் கணக்கு மூன்றாம், நான்காம் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. அதில் யாரும் தப்பைச் சுட்டிக்காட்டாமல் பத்துக் கணக்குத் தவறினால், பதினோராவதைப் போடாமல் மூடிவைப்பதுதான் மனித இயல்பு.

ஆகவே என் தீர்ப்பு இது. விளக்கம் என்ற ஒன்றில் இலவச வளங்கள் ட்யூஷனை வென்றுவிட்டன. மூலக்கூறுகளைக் கண்ணுக்குக் காட்டுவதில் வகுப்பறையையே வென்றுவிட்டன. திருத்துவதில் தோற்கின்றன, கைபழகுவதில் தோற்கின்றன. தனியாகப் படிப்பவர் ஒரே ஒரு நூலை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அது சொல்லும் மரபையே கடைசி வரை பின்பற்றி, காணொளியை அந்த நூலில் சிக்கல் வரும்போது மட்டும் பார்த்து, பார்த்த கையோடு மூடிவிட்டுத் தாளில் கணக்குப் போட்டால் பாதி தூரம் போகலாம். மீதிப் பாதிக்கு இன்னொரு மனிதர் தேவை.

அந்த மனிதர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். முப்பது ஆண்டு மோல் கணக்கு நடத்திவிட்டு ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்களைத்தான் சொல்கிறேன். ஐயா, அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமோ, மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமோ, உங்கள் ஊர்க் கிளை நூலகமோ, வாரம் இரண்டு மணி நேரம் ஒரு மேசையில் உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம், அதற்கு ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. வருகிற பிள்ளைகளின் நோட்டை வாங்கி, தப்பான வரியைச் சுழித்துக் கொடுத்தால் போதும். பக்கத்துக் கல்லூரி ஏதாவது மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவிட்டால், பெர்மாங்கனேட் சொட்டையும் அங்கேயே காட்டிவிடலாம்.